கயாக் ஏற்றும் கூரை ரெக்: பின் கால் இரண்டும் மாறி வந்தமை பற்றிய முறைப்பாடு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

உங்கள் மட்டக்களப்புக் கிளையில் 68,500 ரூபாய் கொடுத்து வாங்கிய, கயாக் என்ற சிறு துடுப்புப் படகுகளை வான் கூரையில் ஏற்றும் ரெக் பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. தொலைபேசியில் 11 தடவை பேசியாயிற்று. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் எடுத்து, “என்ன வான்?” என்று முதலிலிருந்து கேட்கிறார். உங்கள் பில்லிலேயே எழுதியிருக்கிறது.

எங்கள் வான் கூரையின் இரு பக்கமும் மழைநீர் வடியும் பீலி உள்ள பழைய வகை. அதற்குப் பீலியைக் கவ்விப் பிடிக்கும் கால் 4 வேண்டும். பெட்டியில் வந்ததோ, கூரைக்குக் குறுக்கே போகும் இரண்டு சட்டங்களில் முன் சட்டத்துக்கு மட்டும் பீலிக் கால் 2. பின் சட்டத்துக்கு வந்த 2 கால்களும், புது ஜீப்களின் கூரையில் நீளவாக்கில் ஓடும் கம்பியைப் பிடிப்பவை. அந்தக் கம்பி எங்கள் வானில் இல்லை. பூட்டிய உங்கள் ஆள் அடியில் ரப்பர் துண்டு வைத்து, கொக்கியைப் பீலி ஓரத்தில் மாட்டி முறுக்கிவிட்டு, “இறுக்கமாத்தான் இருக்கு” என்று அனுப்பிவிட்டார்.

வான் நிற்கும்போது கையால் ஆட்டிப் பார்த்தால் எதுவும் இறுக்கமாகத்தான் இருக்கும். ஓடும்போது காற்றின் உந்தல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். மணிக்கு 40 கிலோமீற்றரில் இருப்பதைப் போல 80இல் 4 மடங்கு. பொத்துவில் வீதியில் திருக்கோவில் தாண்டி, கோமாரிப் பக்கம் மறைப்பில்லாத வெளியில், கச்சான் காற்று மேற்கிலிருந்து நேரே வானின் விலாவில் அடிக்கும். கயாக்கின் மூக்கு ஒரு பக்கம் தள்ளுண்டால் பின் சட்டம் மறுபக்கம் உதைக்கும். அதுதான் நடந்தது. பின் சட்டம் 4 விரல்கடை நகர்ந்து, கூரைப் பெயின்ரைத் தகரம் தெரியச் சுரண்டிவிட்டது. கயாக் வீதியில் விழாமல் நின்றதற்கு நாங்களே வாங்கிக் கட்டிய மூக்குக் கயிறும் வால் கயிறும்தான் காரணம். உங்கள் விளம்பரப் படத்தில் அந்தக் கயிறு இரண்டும் இருக்கின்றன. பெட்டியில் இல்லை. பின்னால் மோட்டார் சைக்கிளில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஒருவர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தயவுசெய்து ஒரு நிமிடம் யோசியுங்கள்.

இதைக் காட்டத்தான் பொத்துவிலிலிருந்து 100 கிலோமீற்றருக்கு மேல் ஓடி மட்டக்களப்புக்கு வந்தேன். முன்மேசையில் இருந்தவர் எழுந்து வானைப் பார்க்கவே இல்லை. போனைப் பார்த்தபடி, “மீன் பெட்டி ஏத்துற மாதிரி கயித்தப் போட்டுக் கட்டிட்டுப் போங்க, இதுக்கெல்லாம் கொம்ப்ளைன்டா?” என்றார். பூட்டிய ஆள் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாங்க என்றார். நேரம் காலை 10.20. அந்த மீன் பெட்டி வார்த்தையை நான் மறக்கப்போவதில்லை. உங்கள் கடையில் பொருள் வாங்கியவரிடம் பேசும் முறை அதுதானா?

போல்ட்டையும் சொல்ல வேண்டும். கறள் பிடிக்காது என்று சொல்லித்தான் விற்றீர்கள். ஆறு வாரத்தில் நாலு போல்ட்டின் தலையிலும் கறள். காந்தம் வைத்தால் பட்டென்று ஒட்டிக்கொள்கிறது. சாதாரண இரும்புக்கு நாகப் பூச்சு போட்டிருக்கிறீர்கள். அலுமினியச் சட்டத்துக்குள் அப்படிப்பட்ட போல்ட்டைப் போட்டு உப்புத் தண்ணீர் பட்டால், முதலில் பூச்சுப் போகும், பிறகு நட் இறுகிக் கழற்றவே வராது. கடற்கரை ஊருக்கு விற்பதென்றால் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுதான் வேண்டும். உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா?

பட்டிகளும் பிழை. கொடுத்தவை நெம்புகோலை ஆட்டி இறுக்கும் ரட்செட் பட்டிகள். பிளாஸ்டிக் கயாக்குக்கு அவை ஆகாது. இறுக்கியது தெரியாமல் மேலும் மேலும் இறுகும். வெயிலில் பிளாஸ்டிக் இளகும்போது அடிப்பாகம் குழிந்துவிடும். இருவர் ஏறும் எங்கள் கயாக்கில் இப்போது உள்ளங்கையளவு குழி. கையால் இழுத்தால் கவ்வும் பக்கிள் பட்டிதான் வேண்டும். அதுவும் பொலியெஸ்டர் பட்டியாக. நீங்கள் தந்த நைலோன் நனைந்தால் நீளும். களப்பிலிருந்து ஈரத்தோடு ஏற்றிய கயாக் 10 கிலோமீற்றர் போவதற்குள் தளர்ந்துவிடுகிறது.

இன்னொன்று. ஏற்றக்கூடிய எடை என்று உங்கள் தாளில் 75 கிலோ என்று மட்டும் போட்டிருக்கிறது. சட்டம், கால், கயாக் தாங்கும் வளைவு எல்லாம் சேர்த்தா, சேர்க்காமலா? இருவர் கயாக் 33 கிலோ, ஒருவர் கயாக் 22 கிலோ, உங்கள் ரெக் சாமான் 14 கிலோ, மொத்தம் 69. சேர்த்தென்றால் மிச்சம் 6 கிலோதான், துடுப்பைக்கூட யோசித்துத்தான் மேலே வைக்க வேண்டும். நான் கேட்ட மூன்று பேரும் மூன்று பதில் சொன்னார்கள்.

இந்தச் சீசன் முழுவதும் எங்களுக்கு நாசம். கூரைப் பெயின்ற், கயாக், டீசல், வீணான நாட்கள் எல்லாம் சேர்த்தால் மூன்று இலட்சத்துக்குக் குறையாது.

உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை, ஐயா. சாமான் சரியாக வந்தால் போதும். பீலிக் கால் 2, 316 ரக போல்ட் முழுத் தொகுதி, பொலியெஸ்டர் பக்கிள் பட்டி 4, மூக்குக்கும் வாலுக்கும் கயிறு, எடை பற்றி எழுத்தில் பதில். பூட்டத் தெரிந்த ஒருவரையும் பொத்துவிலுக்கு அனுப்புங்கள். முடியாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்.

14 நாள் பார்ப்பேன். அதற்குப் பிறகு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு போகும். வாங்கிய 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இழுத்தடிக்கிறீர்கள் என்றால் அது நடக்காது. அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு ஏற்கெனவே பேசிவிட்டேன். பில், கறள் பிடித்த போல்ட், சுரண்டிய கூரை எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறது.

பின் கால் இரண்டையும் கழற்றிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்புக்கு இன்னொரு தடவை வரச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பொத்துவில்.