கியூபெக் நகரத்துக்கு ஒரு பகல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்காகத் தங்கள் நாளிதழில் வந்த பயணக் கட்டுரை, மாண்ட்ரியலில் இருந்து கியூபெக் நகரத்துக்கு ஒரே பகலில் போய்த் திரும்பலாம் என்கிறது. தாத்தா, பாட்டி, சிறுபிள்ளைகளோடு போகும் குடும்பங்கள் தயவுசெய்து அப்படித் திட்டமிட வேண்டாம். தூரம் சுமார் 250 கி.மீ.; ரயிலில் ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு இரவாவது அங்கே தங்க வேண்டும்.

1608இல் பிரெஞ்சுக்காரரான ஷாம்ப்ளேன் நிறுவிய ஊர் அது. சுமார் 4.6 கி.மீ. நீளக் கோட்டை மதில் இன்றும் நிற்கிறது. 1985இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரம் மேலூர், கீழூர் என்று செங்குத்தாகப் பிரிந்து கிடக்கிறது. வயதானவர்கள் தடுமாறுவது இங்கேதான். ரயில் நிலையம் கீழே; மதிலுக்குள் இருக்கும் விடுதிகள் மேலே. பெட்டியை இழுத்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் நடக்காமல் டாக்ஸி பிடியுங்கள். ரயிலில் சேந்த் ஃபுவா நிறுத்தத்தில் அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள், அது புறநகர். கடைசி நிலையமான கார் து பாலேயில்தான் இறங்க வேண்டும்.

அறை பதியும்போதே லிஃப்ட் உண்டா என்று கேளுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் கிடையாது. வாடகையோடு வரிகள் சேரும்போது 200 டாலர் அறை ஏறக்குறைய 238 டாலர் ஆகிவிடும். சாப்பாட்டு பில்லிலும் வரி சுமார் 15 சதவீதம், அதற்கு மேல் டிப்ஸ் 15 சதவீதம். 40 டாலர் என்று மெனுவில் பார்த்தால் 52 என்று கணக்கு வையுங்கள்.

கீழூர்த் தெருக்கள் நம் மண்ணடிச் சந்துகளைப் போலக் குறுகலானவை, தரை கல் பாவியது. சின்னச் சக்கர ஸ்ட்ரோலர் அதில் சிக்கும். மேலிருந்து இறங்கப் படிக்கட்டும் உண்டு, 1879 முதல் ஓடும் மலை ரயில்பெட்டியும் உண்டு. முட்டிவலிக்காரர்களுக்கு இரண்டாவதே நல்லது. ராயல் சதுக்கத்தில் 1688இல் கட்டத் தொடங்கிய மாதா கோயிலின் கூரையிலிருந்து தொங்கும் மரக்கப்பல் மாதிரியைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். பிறகு எதிர்க்கரை ஊரான லெவிக்குப் போகும் படகில் ஏறி ஆற்றைக் கடந்து வாருங்கள். அக்கரை சேரப் பன்னிரண்டு நிமிடம்தான். பாறை உச்சியில் நிற்கும் ஃப்ரோந்தனாக் ஓட்டலின் முழு அழகும் நடு ஆற்றிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

மறுநாளை மோன்மொரன்சி அருவிக்கு ஒதுக்குங்கள். 83 மீட்டர்; நயாகராவை விடச் சுமார் 30 மீட்டர் கூடுதல் உயரம். அங்கே 487 படிகள் இருக்கின்றன, பெரியவர்களுக்குக் கேபிள் கார். வாடகைக் கார் எடுத்தால், ஒன்பது வயதுக்கு உட்பட்ட, 145 செ.மீ. உயரம் வராத பிள்ளைக்குக் காரில் பொருத்தும் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நம் பள்ளி லீவு மே மாதம் என்பதில் ஒரு சிக்கல். மே தொடக்கத்தில் அங்கே இரவில் நல்ல குளிர், ஆற்றங்காற்றும் சேரும். மாதக் கடைசி வாரம் பரவாயில்லை. அப்போதும் ஸ்வெட்டர் வேண்டும். விசாவுக்கு ஜனவரியிலேயே விண்ணப்பியுங்கள். கட்டணம் ஆளுக்கு 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85. குடும்பமாகச் சேர்ந்து விண்ணப்பித்தால் கைரேகைக் கட்டணம் மொத்தமே 170தான். டிக்கெட் மலிவு என்று அமெரிக்கா வழியாகப் போனால் அந்நாட்டு டிரான்சிட் விசா தனி. பேரப்பிள்ளையைத் தாத்தா, பாட்டி மட்டும் அழைத்துப் போவதானால் பெற்றோர் இருவரின் சம்மதக் கடிதம், நோட்டரி கையெழுத்தோடு, கைப்பையிலேயே இருக்கட்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘பூட்டின்’ (poutine) என்ற அந்த ஊர்ப் பண்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். உருளைக்கிழங்கு வறுவலும் சீஸும் சரி, மேலே ஊற்றும் குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்தது. பட்டாணி சூப்பிலும் பன்றிக்கறி சேர்ப்பது வழக்கம். அறையிலேயே சமைக்கலாம் என்று இங்கிருந்து ரைஸ் குக்கரைத் தூக்கிப் போகாதீர்கள்: அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் குக்கர் கால்வாசிச் சூடுதான் கொடுக்கும், அரிசி வேகாது. சமையலறையோடு கூடிய அறையாகப் பார்த்துப் பதியுங்கள்.

பயண ஏற்பாட்டாளர்,
மண்ணடி, சென்னை – 1