கலாவுக்கு, இந்த வருஷத்து ஹம்மிங்பேர்ட் சேதி

அன்புள்ள கலா,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, லேட்டானதுக்கு கோச்சுக்காதடி. இவருக்கு கண்ணுல கேட்டராக்ட் ஆபரேஷன், சொட்டு மருந்து விடறதும் டாக்டர்கிட்ட அலையறதுமா நாள் ஓடிடுச்சு. இப்ப நல்லா இருக்கார். ஆகஸ்ட்ல முதல் கண்ணு முடிஞ்ச மறுவாரம் ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தவர், வெளிய வந்த ஹம்மிங்பேர்ட பாத்து, ஏய் இங்க வா, இதோட கழுத்து இப்படியா செவக்கும்னு கேட்டார். பத்து வருஷமா அதே வகை பறவையத்தான் பாத்துட்டிருந்தார், எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. அந்த செவப்பு சாயமே இல்ல தெரியுமா, இறகுல வெளிச்சம் பட்டு திரும்பற விதத்துல வர்றது, கொஞ்சம் கோணம் மாறினா கழுத்து கருப்பாத்தான் தெரியும், அவருக்கு சரியான கோணத்துல வந்து நின்னிருக்கு.

நீ அனுப்பின போட்டோ அழகு, ஆனா அது தேன்சிட்டுடி, ஹம்மிங்பேர்ட் இல்ல. ஹம்மிங்பேர்ட் முந்நூத்து அம்பதுக்கு மேல வகை இருக்கு, அத்தனையும் அமெரிக்க கண்டங்கள்ல மட்டும்தான். தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில உக்காந்து குடிக்கும், இது காத்துலயே நின்னுட்டு குடிக்கும். அதவிட பெரிய வித்தியாசம் குடும்பத்துல. தேன்சிட்டுல அப்பனும் குஞ்சுக்கு இரை கொண்டு வருவான், இதுல ஆண் சேர்றதோட சரி, கூடு கட்டறது அடை காக்கறது ஊட்டறது எல்லாமே அம்மா ஒருத்திதான்.

இந்த ஜூன்ல பின்பக்கம் ஓக் மரத்துல ஒரு கூடு இருந்துச்சு, அத ரெண்டு வாரம் கழிச்சுதான் கண்டுபிடிச்சேன். பாதி வால்நட் ஓடு அளவுதான், வெளிய சாம்பல் பச்சைல மரத்துல ஒட்டி வளருமே அது துண்டு துண்டா ஒட்டியிருந்துச்சு, பாத்தா கிளையில ஒரு முண்டு மாதிரிதான் தெரியும். உள்ள பஞ்சு, எல்லாத்தையும் புடிச்சு வச்சிருக்கறது சிலந்தி நூல். அந்த நூல்தான் விஷயமே, ரெண்டு குஞ்சும் வளர வளர கூடு கிழியாம இழுத்து குடுக்குது, கடைசி வாரம் ரெண்டும் விளிம்புக்கு மேல வழிஞ்சு உக்காந்திருந்துச்சு, கூடு தட்டையாயிடுச்சு ஆனா விழல. அந்த அம்மா எங்க மூலை சுவத்துல இருந்த சிலந்தி வலைய அலகால சுத்தி எடுத்துட்டு போறத பாத்தேன், அதுக்கப்புறம் நான் அந்த பக்கம் ஒட்டடையே அடிக்கல.

உன் கேள்விக்கு வரேன். குளிருக்கு முன்னாடி தெற்க போறப்ப அதெல்லாம் கூட்டமா கிளம்புமா, குஞ்சுக்கு யாரு வழி காட்டுவாங்கன்னு கேட்டிருந்தே. கூட்டமும் இல்ல, யாரும் காட்டறதும் இல்ல கலா. ஒவ்வொண்ணும் தனியாத்தான் போகுது. வாத்துக்கூட்டம் மாதிரி வரிசை கிடையாது, ஜோடி கூட கிடையாது. ஆண்தான் முதல்ல கிளம்பும், ஜூலை கடைசி ஆகஸ்ட்லயே ஆரம்பிச்சிடும், இவர் பார்த்த அந்த செவப்பு கழுத்துக்காரனும் பத்து நாள்ல போயிட்டான். அப்புறம் அம்மாக்கள், கடைசியா இந்த வருஷம் பொறந்த குஞ்சுங்க. ரெண்டு மாசம் முன்னாடி சிலந்தி நூல் கூட்டுல இருந்தது, தான் பாத்தே இராத ஒரு நாட்டுக்கு, யாரும் கூட இல்லாம, மெக்சிகோவுக்கோ அதுக்கும் தெற்கயோ கிளம்புது. பகல் நீளம் குறையறது உடம்புக்குள்ள எதையோ தட்டி எழுப்புது, எந்த திசைங்கறதும் பொறக்கும்போதே கூட வருது.

நாங்க அலபாமால கடலோரம் இருக்கறதால, வடக்க இருந்து வர்றதெல்லாம் எங்க பக்கம் வந்து தங்கி தின்னுட்டுதான் போகுது. தாண்ட வேண்டியது மெக்சிகோ வளைகுடா, 800 கிலோமீட்டர் கிட்ட, நடுவுல உக்கார ஒரு கிளை கிடையாது. சாதாரணமா 3 கிராம் இருக்கற பறவை கிளம்பறதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகுது, அவ்வளவும் கொழுப்பு, அதுதான் பெட்ரோல். எங்க மாநிலக் கரையில புடிச்சு எடை பாத்து 2016ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, வயசான பறவைங்க முன்னாடியே வருது, நல்லா கொழுத்தும் இருக்கு, முதல் தடவை போற இளசுங்க லேட்டாவும் மெலிஞ்சும் வருதுன்னு. எல்லாமே கடல தாண்டறதும் இல்ல, சிலது டெக்சாஸ் வழியா கரைய ஒட்டியே சுத்திட்டு போகுது.

அது ஏன் அப்படி சண்ட போடுதுன்னு முன்ன உனக்கு குறையா எழுதினேன் இல்ல, ஒரே ஒருத்தன் பீடர், அதான் நான் சர்க்கரைத் தண்ணி ஊத்தி தொங்கவிடற குடுவை, அது பக்கத்து கிளையில உக்காந்துட்டு வர்ற எல்லாத்தையும் துரத்தறான், அவனும் குடிக்க மாட்டேங்கறான்னு. அத நான் பொல்லாத்தனம்னு நெனச்சது தப்பு. றெக்க செகண்டுக்கு அம்பது தடவ கிட்ட அடிக்குது, இதயம் நிமிஷத்துக்கு 1,200 தடவ வரைக்கும் போகும், பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ வாயில எதாவது போகணும். ஒரு பூவுல இருக்கறது துளி தேன், இன்னொருத்தி உறிஞ்சிட்டு போனா இவன் வரும்போது காலி. அதனால சொந்தமா நாலு செடிய காவல் காக்கறது அதோட பொழப்பு. கணக்கும் வச்சுக்கும்டி. ராக்கி மலையில ரூஃபஸ்னு ஒரு வகைக்கு எட்டு பொம்மைப் பூ வச்சு பாத்திருக்காங்க, சில பூவுல 10 நிமிஷத்துக்கு ஒரு தடவ சர்க்கரைத் தண்ணி ஊத்தி, மத்ததுல 20 நிமிஷத்துக்கு. எந்த பூவுக்கு எப்ப போகணும்னு அது கத்துக்கிட்டு அதே நேரத்துக்கு வந்திருக்கு, 2006ல வந்த ஆராய்ச்சி. அரிசி அளவு மூளைன்னு சொல்றாங்க, எனக்கு இத படிச்சப்ப உடம்பு சிலிர்த்துடுச்சு. இப்ப ரெண்டாவது பீடர வீட்டுக்கு பின்னாடி ஒண்ணுக்கொண்ணு தெரியாத மாதிரி மாட்டிட்டேன், ஒருத்தனால ரெண்டையும் காக்க முடியல, மத்ததுங்களும் குடிக்குது.

அந்த ரூஃபஸ் பத்தி இன்னும் ஒண்ணு. அதுவும் 3 கிராம் சொச்சம்தான். வசந்தத்துல பசிபிக் கரையோரமா அலாஸ்கா வரைக்கும் ஏறிப்போகும், திரும்பறப்ப ராக்கி மலை வழியா பூ பூக்கற பக்கமா இறங்கும். 2010 ஜனவரில ஃப்ளோரிடால தல்லாஹசில ஒண்ணுக்கு கால்ல சின்ன வளையம் போட்டாங்க, அதையே ஜூன்ல அலாஸ்கால செனெகா பேல மறுபடி புடிச்சிருக்காங்க. 3,500 மைலுக்கு மேல.

பக்கத்து வீட்டம்மா பீடர எடுத்துடு, இல்லன்னா சோம்பேறியாகி இங்கயே தங்கி குளிர்ல செத்துடும்னு சொன்னாங்க. அது உண்மையில்ல, சோறு இருக்குன்னு எதுவும் தங்கறதில்ல, நாள் குறைஞ்சா கிளம்பிடும். லேட்டா வர்ற இளசுக்குத்தான் இந்த தண்ணி உதவும். கடைசி பறவைய பாத்து ரெண்டு வாரம் வரைக்கும் நான் எடுக்கவே மாட்டேன். ஒரு பங்கு வெள்ளை சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணி, கலர் சாயம் கூடாது, தேனும் கூடாது, வெயில் நாள்ல ரெண்டு நாளைக்கு ஒரு தடவ கழுவி மாத்தணும்.

இன்னிக்கு காலைல கொஞ்சம் குளிரு. பீடர் கம்பில ஒண்ணு இறகெல்லாம் உப்பிட்டு அசையாம இருந்துச்சு, பயந்துட்டேன். ராத்திரி உடம்பு சூட்ட பாதிக்கு இறக்கி, செத்த மாதிரி கிடந்து சக்திய மிச்சம் பிடிக்குமே, அந்த தூக்கம். மெதுவா நடுங்க ஆரம்பிச்சு, இருபது நிமிஷம் போல ஆச்சு, கண்ணு தொறந்துச்சு. இந்த வருஷத்து ஆண் குஞ்சு, கழுத்துல ஒரே ஒரு செவப்பு இறகு. அதுக்கப்புறம் குடிச்சுச்சு பாரு, நிறுத்தாம. வயிறு உருண்டு இருக்கு. ரெண்டு நாள்ல போயிடும்னு தோணுது, இவரும் காபியோட அங்கயே உக்காந்துட்டார்.

உன் முட்டி வலி எப்படி இருக்கு, அந்த எக்சர்சைஸ் செய்யறியா இல்லையான்னு உண்மைய எழுது.

உன்,
மலர்