ஹாலேயிலிருந்து அம்மாவுக்கு

ஹாலே, ஜெர்மனி
1 டிசம்பர் 2025

கர்த்தருக்குள் மிகவும் அன்பான அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உங்கள் மகள் எழுதிக்கொள்வது. ஸ்தோத்திரம். நாங்கள் நால்வரும் தேவ கிருபையால் நலமாயிருக்கிறோம். அப்பாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று அறிய ஆவலாயிருக்கிறோம்.

உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. தினமும் தொலைபேசியில் பேசிக்கொண்டாலும், பேச்சில் கேட்கத் தயங்குவதைத் தாளில் கேட்டுவிடுவது உங்கள் வழக்கம். "பிள்ளைகள் அங்கே ஜெபம் பண்ணுகிறார்களா, வசனம் நினைவிருக்கிறதா, இல்லை ஊரோடு ஊராய் எல்லாம் மறந்துபோய்விட்டதா" என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம் முழுவதும் பதில். இதை அப்பாவுக்கும் உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

இங்கே இந்த மாதத்தில் காலை எட்டு மணிக்குத்தான் விடிகிறது, மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. சின்னவனைக் கீட்டாவிலிருந்து (இங்கே மழலையர் காப்பகத்தை அப்படித்தான் சொல்கிறார்கள்) அழைத்துக்கொண்டு, மூத்தவளையும் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு டிராமில் வீடு வந்து சேரும்போது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும். ரசமும் சோறும் உண்டு, குளித்து, கம்பளி உடைக்கு மாறிய பிறகு, நீங்கள் போன முறை கொடுத்தனுப்பிய பத்தமடைப் பாயை ஜன்னல் ஓரத்தில் விரித்து ஏழு மணிக்குக் குடும்ப ஜெபத்துக்கு உட்காருவோம். ஒரு பாட்டு, ஒரு சின்ன வேதபாகம், பிறகு ஆளுக்கொரு ஜெபம். நாள் முழுவதும் ஆளுக்கொரு திசையில் இருந்துவிட்டு வரும் எங்களுக்கு அந்தப் பதினைந்து நிமிடந்தான் வீடு.

சின்னவன் ஜெபிப்பதை நீங்கள் கேட்க வேண்டும் அம்மா. மூன்று வயதுதான் ஆகிறது. ஆனாலும் அவனுடைய ஜெபந்தான் எல்லாருடையதிலும் நீளமானது. தன்னைப் பார்த்து மணியடித்த 7ஆம் எண் டிராமின் ஓட்டுநருக்காக, வழியில் கண்ட நாய்க்காக, தாத்தாவின் முழங்காலுக்காக, பிறகு முதலைக்காக. முதலை எது என்று கேட்பீர்கள். இவ்வூரில் பிராங்கே என்ற போதகர் 1695இல் தொடங்கிய அநாதை இல்லமும் பள்ளிகளும் இன்றும் இருக்கின்றன. அந்த அநாதை இல்லக் கட்டடத்தின் மேல்மாடியில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுக்குக் காட்டுவதற்காகச் சேர்த்த அரும்பொருட்கள் உள்ள ஓர் அறையில், பதப்படுத்திய முதலை ஒன்று கூரையிலிருந்து தொங்குகிறது. அதைப் பார்த்த நாள் முதல், "ஆண்டவரே, அதுக்குத் தண்ணி வேணும்" என்று ஒவ்வொரு இரவும் வேண்டிக்கொள்கிறான். முதலில் உங்கள் மருமகனுக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அவரும் அந்த இடத்தில் சேர்ந்து "ஆமென்" சொல்கிறார். பார்த்ததையெல்லாம் ஆண்டவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு குழந்தை நினைப்பதைவிட நான் அவனுக்கு அதிகமாய் என்ன கற்றுக்கொடுத்துவிடப் போகிறேன்?

மூத்தவளைப் பற்றி எழுதத்தான் இத்தனை நாளாய்க் காத்திருந்தேன். ஆகஸ்டில் அவள் முதல் வகுப்பில் சேர்ந்ததை அறிவீர்கள். பள்ளி சேரும் நாளில் பிள்ளையின் உயரத்தில் பாதிக்குக் கூம்பு வடிவத்தில் காகிதப் பொதி ஒன்று செய்து, அதில் மிட்டாயும் பென்சிலும் நிரப்பிக் கையில் கொடுப்பது இந்த நாட்டு வழக்கம். அவளும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் போனாள். அதற்கு முன்பாக ஆலயத்தில் பள்ளி சேரும் பிள்ளைகளை முன்னால் அழைத்து, போதகரம்மா ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து ஆசீர்வதித்தார்கள். அன்றிலிருந்து கண்ணில் படும் எழுத்தையெல்லாம் கூட்டிப் படிக்கிறாள்: ரொட்டிக் கடைப் பலகை, டிராம் நிறுத்தம், பால் பெட்டி, எதையும் விடுவதில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து அந்த அநாதை இல்லத்தின் வழியாக நடந்து வந்தோம். கட்டடத்தின் நெற்றியில் இரண்டு கழுகுகள் சூரியனை நோக்கிப் பறப்பதாகச் செதுக்கியிருக்கிறார்கள். அதன் கீழே ஒரு வசனம். அவள் தலையை அண்ணாந்து, விரலை நீட்டி, ஒவ்வொரு எழுத்தாய்க் கூட்டி, "ஆட்லர்" என்று வாசித்தாள். கழுகு என்று அர்த்தம். மற்றச் சொற்களை அவளுடைய அப்பா வாசித்துக் காட்டினார். ஒரு நிமிடம் பேசாமல் நின்றாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, இது பாட்டி சொல்லிக்கொடுத்த வசனம்" என்று சொல்லி, நடுத்தெருவில் நின்றபடியே, "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து, கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள்" என்று ஒரு சொல் பிசகாமல் தமிழில் சொன்னாள். கோடை விடுமுறையில் திண்ணையில் உட்கார்ந்து நீங்கள் அவளுக்கு மனப்பாடம் பண்ணுவித்த ஏசாயா 40:31 தான் அம்மா. அந்த வசனம் அங்கே எழுதியிருப்பது எனக்கே அதுவரை தெரியாது. எத்தனையோ முறை அந்த வழியாய்ப் போயிருக்கிறேன், ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவளுக்கு நம் ஊர்க் கதையைச் சொன்னேன். ஜெர்மன் மிஷனெரியான சீகன்பால்கு ஐயர் இந்த ஊரில் படித்தவர். 1706 ஜூலை 9ஆம் தேதி நம் தரங்கம்பாடிக் கடற்கரையில் வந்திறங்கினார். அவருக்காகத் தமிழ் அச்சு எழுத்துகளை இங்கே ஹாலேயில் வார்த்துக் கப்பலில் அனுப்பினார்கள், அந்த எழுத்துகள் மிகப் பெரிதாயிருந்ததால் பிறகு நம் பொறையாறிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள், 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்தது. இதையெல்லாம் ஞாயிறு பள்ளியில் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிப்போயிருந்தது. அவளோ இப்போதுதான் எழுத்தோடு மல்லுக்கட்டுகிற பிள்ளையாதலால், "எழுத்தைக் கப்பலில் அனுப்பினார்களா?" என்று வாயைப் பிளந்து கேட்டாள். மறுநாள் தன் நோட்டில் ஒரு கப்பல் வரைந்து, அதற்குள் அ, ஆ, இ என்று எழுதி ஏற்றி வைத்திருந்தாள். அந்தத் தாளை இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். இ என்ற எழுத்து திரும்பியிருக்கிறது. நான் திருத்தவில்லை.

உங்கள் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் நமக்கு வேதத்தை அனுப்பிய இந்த ஊரில் இன்று பெரும்பாலானவர்கள் எந்தத் திருச்சபையையும் சேராதவர்கள். சின்னவன் கீட்டாவில் முதல் முறையாகச் சாப்பாட்டுக்கு முன் கை கூப்பிக் கண்ணை மூடியபோது, மேசையைச் சுற்றியிருந்த பிள்ளைகள் அவனுக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்று எண்ணி ஆசிரியையைக் கூப்பிட்டார்களாம். அதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நாமெல்லாம் ஒன்றாய் உட்கார்ந்து ஜெபித்துச் சாப்பிடும் வீட்டை விட்டு இவனை ஏன் இவ்வளவு தூரம் கொண்டுவந்தோம் என்று அழுதேன். ஆனால் அந்த ஆசிரியை மறுநாள் என்னிடம் அவன் என்ன சொல்கிறான் என்று மரியாதையோடு கேட்டுத் தெரிந்துகொண்டு, அவன் முடிக்கும்வரை மற்றப் பிள்ளைகளைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார். இப்போது அவன் "ஆமென்" என்றதும் பக்கத்துப் பிள்ளை "நல்லாச் சாப்பிடு" என்று சொல்ல, எல்லாரும் கரண்டியை எடுக்கிறார்களாம்.

ஆலயத்தில் பிள்ளைகள் குறைவுதான். ஆராதனையின் நடுவில் சிறுவர் பகுதிக்கு எழுந்து போகிறவர்களை எண்ண இரண்டு கை விரல்களே போதும். நம் ஊரில் ஞாயிறு பள்ளிக்கு இடம் போதாமல் வேப்பமரத்தடியில் உட்காருவதை நினைத்தால் மனம் கனக்கத்தான் செய்கிறது. என்றாலும், குறைவாயிருப்பதாலேயே ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். அக்டோபர் 31, லூத்தர் தொடங்கிய திருச்சபைச் சீர்திருத்தத்தை நினைவுகூரும் சீர்திருத்தத் திருநாள், இந்த மாநிலத்தில் அரசு விடுமுறை. அன்று ஆராதனையில் ஆர்கன் ஒரு பழைய ஞானப்பாட்டின் ராகத்தை எடுத்ததும், சின்னவன் என் மடியிலிருந்து துள்ளி எழுந்து, "பாட்டி பாட்டு!" என்று ஆலயமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். இங்கே படித்து 1740இல் தரங்கம்பாடிக்கு வந்த பப்ரீசியஸ் ஐயர் போன்றவர்கள் தமிழில் ஆக்கிக் கொடுத்த ஜெர்மன் பாட்டுகளைத்தானே நீங்கள் அடுப்படியில் பாடுவீர்கள்! எனக்கு முன்னிருந்த ஒரு முதிய பெண்மணி திரும்பிப் பார்த்தார். அவன் சொன்னது என்னவென்று நான் விளக்கியதும், அவர் கண் கலங்க, தம் பாட்டுப் புத்தகத்தை அவன் கையில் கொடுத்தார்.

நவம்பர் 11 மார்ட்டின் நாளன்று பிள்ளைகள் செய்த காகித விளக்குகளை ஏந்திப் பாடிக்கொண்டு இருட்டில் ஊர்வலம் போனோம். குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தன் மேலங்கியைப் பாதியாய் வெட்டிக் கொடுத்த மார்ட்டினின் நினைவாகப் பிறை வடிவ ரொட்டி ஒன்றை இருவர் பிய்த்துத் தின்பார்கள். லூத்தர் இங்கிருந்து வெகு தூரமில்லாத ஐஸ்லேபனில் 1483 நவம்பர் 10 அன்று பிறந்து, மறுநாள் ஞானஸ்நானம் பெற்றதால்தான் அவருக்கும் மார்ட்டின் என்று பெயர் என்று கேட்டதிலிருந்து, தனக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாள் எது என்று மூத்தவள் விடாமல் கேட்கிறாள். அந்தத் தேதியையும் எருசலேம் ஆலயத்தில் எடுத்த படம் ஒன்றையும் அனுப்புங்கள்.

நேற்று, கிறிஸ்துமஸுக்கு முன் காத்திருக்கும் காலமான அட்வெந்தின் முதல் ஞாயிறு. பச்சைத் தழை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்தி வைத்து, ஞாயிற்றுக்கு ஒன்றாய் ஏற்றிக்கொண்டு போவது இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. ஹாம்பர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய விகேர்ன் என்பவர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று அவர்கள் ஓயாமல் கேட்டதால், 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு நாள் எண்ணக் கற்றுக்கொடுத்தார் என்பது அதன் வரலாறு. யார் முதலில் ஏற்றுவது என்று எங்கள் வீட்டில் சண்டை வந்தது. இறுதியில் அக்காள் தீக்குச்சியைப் பிடிக்க, தம்பி அவள் கையைப் பிடிக்க, அவர்கள் இருவரையும் நான் பிடித்துக்கொள்ள, ஒரு சின்னச் சுடர் ஏறியது. விளக்கை அணைத்துவிட்டு அந்த ஒற்றை வெளிச்சத்தில் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன் அம்மா. வெளியே நாலரை மணிக்கே நள்ளிரவுபோல் இருட்டு.

ஜன்னலில் நட்சத்திரமும் தொங்கவிட்டாயிற்று. ஹெர்ன்ஹூட் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் அந்தக் காகித நட்சத்திரம், பள்ளிப் பிள்ளைகளுக்கு வடிவியல் கற்பிக்கச் செய்ததிலிருந்து பிறந்ததாம். கூர் கூராய்ப் பொருத்தி முடிக்க இவருக்கும் மூத்தவளுக்கும் ஒரு மாலை முழுவதும் ஆனது. சின்னவனுக்கோ அதன் பெயர் "தாத்தா நட்சத்திரம்". அப்பா மூங்கில் சிம்பைச் சீவி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே பல்பு வைத்து மாடியில் கட்டியதைப் போன வருடம் காணொளியில் பார்த்தானே, அதை இன்னும் மறக்கவில்லை.

கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு அச்சுமுறுக்கு அச்சு இங்கே கிடைக்கவில்லை. கலகலா மட்டும் செய்யப் போகிறேன். வெட்டும் வேலை பிள்ளைகளுக்கு.

24ஆம் தேதி மாலை மூன்று மணிக்கு ஆலயத்தில் பிள்ளைகளின் கிறிஸ்து பிறப்பு நாடகம்; உங்களுக்கு அப்போது இரவு ஏழரை. மூத்தவள் தேவதூதன், ஒரே ஒரு வசனம்: "பயப்படாதிருங்கள்." சின்னவன் ஆட்டுக்குட்டி. அவனுக்கு வசனம் இல்லை. ஆனாலும் ஆட்டுக் காதைத் தைத்த தொப்பியை மூன்று நாளாய்க் கழற்றாமல் தூங்குகிறான். அந்நேரம் அப்பாவும் நீங்களும் தொலைபேசியின் முன் உட்கார்ந்திருங்கள், நான் நேரலையாய்க் காட்டுகிறேன்.

கழுகு வசனம் முடிந்துவிட்டது, அடுத்த வசனம் எது என்று பாட்டியிடம் கேட்டு எழுதச் சொன்னாள் உங்கள் பேத்தி. பெரிய எழுத்தில், ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டு, தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். இந்த முறை அவளே வாசிப்பாளாம்.

உங்கள் அன்புள்ள மகள்