மருந்து உறையில் பத்தியத்துக்கு ஒரு வரி

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம்.

எந்த மாத்திரையோடு எது ஆகாது என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்தது எங்கள் வீட்டுக்கும் தெரியும்படி, மருந்து உறையில் தமிழில் ஒரு வரி போட்டுத் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் அம்மாவுக்கு 64 வயது. ஏழு வருஷமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறார். 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்தார்கள். ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறுகிற அளவு) இறங்கவில்லை என்று 75, 100, 125 என ஏற்றிக்கொண்டே போய், போன வருஷம் 150-க்கு வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "வெறும் வயித்துலதானே போடறீங்க?" அம்மாவும், "ஆமா சார், டிபனுக்கு முன்னாடிதான்" என்பார். அதில் பொய்யே இல்லை. விடியற்காலை ஐந்தரைக்கு டிகாஷன் இறங்கியதும் முதல் காபியைக் கலப்பார். மாத்திரையை நாக்கில் வைத்து, அந்தக் காபியிலேயே ஒரு வாய் குடித்து விழுங்குவார். எங்கள் பக்கத்தில் காபி சாப்பாட்டுக் கணக்கில் வராது. விரதம் இருக்கிறவர்கள்கூடக் காபி குடிப்பார்கள். கடையில் 'உணவுக்கு முன்' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்த உறையை அம்மா அட்சரம் பிசகாமல்தான் பின்பற்றினார்.

காபி அந்த மருந்தைக் குடலில் சரியாகச் சேரவிடாது. இத்தாலி மருத்துவர்கள் 2008-லேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். அது போதாதென்று, எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்ட கையோடு முழங்கால் வலிக்குக் கொடுத்த கால்சியம் மாத்திரையும் உள்ளே போகும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டுமாம். இரண்டையும் ஒரே சீட்டில்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த ஏப்ரலில் வழக்கமான கடை பூட்டியிருந்ததால் வேறொரு கடைக்குப் போனோம். அங்கே இருந்த மருந்தாளுநர் சின்னப் பெண். டப்பாவை நீட்டும்போதே, "அம்மா, இதைத் தண்ணியில மட்டும் போடுங்க. காபி, டீ எல்லாம் ஒரு மணி நேரம் கழிச்சு" என்றார். ஏழு வருஷத்தில் அதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அம்மா மறுநாளே மாற்றிக்கொண்டார்.

கதை அங்கே நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த 150 என்பது காபிக்கும் கால்சியத்துக்கும் பாதி போகட்டும் என்று, தெரியாமலேயே ஏற்றி வைத்த அளவு. இப்போது அத்தனையும் உடம்பில் சேர ஆரம்பித்தது. ஏழெட்டு வாரத்தில் கை நடுங்கியது, கொட்டிக் கொட்டி வியர்த்தது, ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆனது. வெயில் காலம் என்று நினைத்துக்கொண்டோம். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா என்னை எழுப்பி, என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். "உள்ள என்னமோ ஓடுது பாரு." ஓடத்தான் செய்தது. நாலு அடி வேகமாக, ஒரு அடி விட்டு, மறுபடி வேகமாக. ஆட்டோ பிடித்து ஓடினோம். மூன்று நாள் படுக்கை. இப்போது 75-இல் எல்லாம் சரியாக இருக்கிறது. முதலிலிருந்தே அதுதான் அவருக்கு வேண்டிய அளவோ என்னவோ.

ரத்தப் பரிசோதனைக்கு ஏழு வருஷம் குத்திய ஊசி, பஸ்ஸில் அலைந்த நாள், "வயசானா அசதி இருக்கும்மா" என்று கேட்டுக்கொண்டு வந்த சமாதானம். ஒரு வரி இல்லாததற்கு எங்கள் வீடு கொடுத்த விலை இது. எந்த டாக்டரையும் நான் குறை சொல்லவில்லை. வாசலில் இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும்போது காபியைப் பற்றி விசாரிக்க அவர்களுக்கு ஏது நேரம்? அதனால்தான் உறையில் கேட்கிறேன்.

உங்கள் அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது. அங்கே மருந்து கொடுத்தால் கூடவே பத்தியமும் சொல்லி அனுப்புவார்கள். எதிர் ஜன்னலில் வாங்குகிற மாத்திரைக்கு ஒன்றும் சொல்வதில்லை. அதனால்தான் 'இங்கிலீஷ் மருந்துக்குப் பத்தியம் கிடையாது' என்று ஊரே நம்புகிறது. பத்தியம் இருக்கிறது. அதை எங்களிடம் யாரும் சொல்வதில்லை.

கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெண், மறந்துவிடக் கூடாது என்று இரண்டையும் ராத்திரி ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் இரும்பு மாத்திரையை டீயோடு போடுகிறவர்களும் உண்டு. டீயும் கால்சியமும் இரும்பைச் சேரவிடாது, எலுமிச்சைச் சாறு சேர்க்க உதவும் என்று ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால், 'மாத்திரை சூடு' என்று வீட்டுப் பெரியவர்கள் ஒரு டம்ளர் பாலையும் சேர்த்து நீட்டுவார்கள். பாலில் இருக்கிற கால்சியம் அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதயத்தில் செயற்கை வால்வு வைத்து ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர், ரத்தம் ஊறட்டும் என்று திடீரென்று தினமும் முருங்கைக்கீரை சாப்பிட ஆரம்பித்தால் மருந்தின் வேகம் குறைந்து ரத்தம் கட்டிவிடலாம். பயந்துபோய்க் கீரையை அடியோடு நிறுத்தினாலும் ஆபத்துதான், ரத்தக் கசிவு வரலாம். 'கீரை எப்போதும் ஒரே அளவில் இருக்கட்டும்' என்ற நாலு வார்த்தை அவருக்கு உயிர்.

பிரிட்டனில் சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கினால், முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் பால் குடிக்காதீர்கள், இரும்புச் சத்து மருந்து சாப்பிடாதீர்கள் என்று கடையிலேயே லேபிள் ஒட்டித் தருகிறார்கள். இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. 2015-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் பணி ஒழுங்குமுறைகள், மருந்து கொடுக்கிறவரே நோயாளியிடம் முன்னெச்சரிக்கைகளை எடுத்துச் சொல்ல வேண்டும் என்கின்றன. ஆனால் எத்தனை கடைகளில் மருந்தாளுநரே இருக்கிறார்? சட்டத்தில் அவர் பெயர் இருக்கிறது, சுவரில் சான்றிதழ் தொங்குகிறது, மாத்திரையை எடுத்துக் கொடுப்பது பத்தாவது படித்த பையன். அவனையும் திட்ட மனம் வரவில்லை, அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

2023-இலிருந்து 300 மருந்துகளின் அட்டையில் கியூஆர் கோடு கட்டாயம் என்றார்கள். நல்லதுதான், போலி மருந்தைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். சிகரெட் பாக்கெட்டில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைக்கு ஒதுக்கச் சொல்ல அரசால் முடிகிறது. உயிர் காக்கிற மாத்திரைக்கு விரல் அகலத்தில் ஒரு தமிழ் வரிக்கு இடமில்லை என்றால் நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது இவ்வளவுதான். எல்லா மருந்துக்கும் ஒரே நாளில் வேண்டாம். தைராய்டு, இரும்புச் சத்து, கால்சியம், வார்ஃபரின், பாலோடு ஆகாத ஆன்டிபயாடிக் ஆகியவற்றில் ஆரம்பியுங்கள். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் கொடுக்கிற உறையில் 'இதனுடன் ஆகாதது' என்று ஒரு கட்டம் அச்சிடுங்கள். தனியார் கடைகளுக்கும் அதையே கட்டாயமாக்குங்கள். 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிற தன்னார்வலர் அக்காக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கட்டத்தைப் படித்துக் காட்டப் பழக்குங்கள். 'உணவுக்கு முன்' என்பதோடு நிறுத்தாமல், 'காபி, டீ, பால் உட்பட' என்று சேர்த்து எழுதுங்கள்.

இப்போது அம்மா ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீரில் மாத்திரை போட்டுவிட்டு, ஆறு மணி வரை ஃபில்டரைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். கால்சியத்தை மத்தியானச் சாப்பாட்டுக்கு மாற்றிவிட்டார். மாத்திரை டப்பாவில் தன் கையாலேயே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, பேரனின் ஸ்கெட்ச் பேனாவால் 'காபி 1 மணி நேரம் கழித்து' என்று எழுதி வைத்திருக்கிறார். தயவுசெய்து அந்த வரியை நீங்கள் அச்சடித்துக் கொடுங்கள்.

நன்றியுடன்,
ஒரு நோயாளியின் மகள்