சரவணனுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள சரவணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்போதும்போல. நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் தபால். அமெரிக்காவில், லேன்காஸ்டரில் அந்தப் பண்ணைக்காரர் வீட்டில் சனி, ஞாயிறு மட்டும் தங்குவதாகத்தான் சொன்னாய். இப்போது வேலையை விட்டுவிட்டு அங்கேயே இருக்கிறாய், ஆமிஷ் சபையில் சேரப்போகிறாய் என்கிறாள் அக்கா. காரும் ஊர்க் கரண்டும் இல்லாமல் பழையபடி வாழும் கிறிஸ்தவக் கூட்டமாமே அது. சரி. அவளிடமாவது சொன்னாயே.

முதலில் எனக்குக் கோபம்தான். ஆயுசு முழுக்கக் கம்பத்தில் ஏறி ஊருக்கெல்லாம் கரண்டு கொடுத்தவன் மகனுக்குக் கரண்டு வேண்டாமாம். பக்கத்து வீட்டுப் பையனை உட்காரவைத்து எல்லாவற்றையும் தேடிப் படித்த பிறகு கொஞ்சம் இறங்கியது. கரண்டு அவர்களுக்குப் பாவமில்லை, ஊர்க் கம்பி வீட்டுக்குள் வருவதுதான் ஆகாது. 1920 வாக்கிலேயே அப்படி முடிவெடுத்துவிட்டார்கள். பாட்டரி உண்டு, கேஸில் ஓடும் பிரிட்ஜ் உண்டு. டீசல் எஞ்சினை வைத்துக் கம்ப்ரஸரில் காற்றை அடைத்து, பட்டறை மெஷினிலிருந்து சமையலறை மிக்ஸிவரை குழாய்க் காற்றிலேயே ஓட்டுகிறார்களாமே! குழாய் ஜாயிண்டில் காற்று கசிந்தால் யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்டு எழுது.

வெளியாள் சேரத் தடையில்லை, ஆனால் அவர்களாக யாரையும் கூப்பிடுவதும் இல்லை. கூட இருந்து பழக வேண்டும், அவர்கள் வீட்டுப் பேச்சான பென்சில்வேனியா ஜெர்மன் பேச வர வேண்டும், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு யார் வீட்டிலாவது நடக்கும் மூன்று மணி நேர வழிபாட்டில் சாய்மானம் இல்லாத பெஞ்சில் உட்கார வேண்டும். அப்புறம் வகுப்பு, சபையாரின் சம்மதம், ஞானஸ்நானம். இதையெல்லாம் தாண்டி நிலைத்த வெளியாட்கள் மிகக் கொஞ்சம். நீ தாண்டிவிடுவாய், பிடித்த பிடியை விடாதவன். அங்கே எட்டாம் வகுப்போடு படிப்பு முடிகிறது, 1972-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே அதற்கு வழிவிட்டிருக்கிறது. அம்மா வளையலை வைத்து உன்னைக் கிண்டியில் படிக்கவைத்ததை நான் சொல்லிக்காட்டவில்லை.

ஆனால் ஒன்று. சட்டை இஸ்திரி சரியில்லை என்று சாப்பிடாமல் கிளம்பிப் போனவன் நீ. அங்கே தொப்பி விளிம்பு எவ்வளவு அகலம் என்பதைக்கூடச் சபைதான் சொல்லும். காரை விட்டுக் குதிரை வண்டியில் ஏறுவது பெரிசில்லை. தினமும், எல்லாவற்றிலும், பிறர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். அது உன்னால் ஆகுமா?

ஞானஸ்நானத்துக்கு அவசரப்படாதே. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே வயது வந்து யோசித்துத்தான் எடுக்கிறார்கள். எடுக்காமல் விலகினால் ஒன்றுமில்லை. எடுத்துவிட்டு விலகினால் விலக்கிவைப்பார்கள், சாப்பாட்டுக்குக்கூடத் தனி மேசை. பெரியப்பா வடலூர் வள்ளலார் சபையைவிட்டு வந்தபோது அங்கே யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, இங்கே பாட்டியும் ஒரு வார்த்தை கேட்காமல் இலை போட்டாள். நீயும் பார்த்தாய்.

கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. கொட்டகை எரிந்தால் ஊரே கூடிக் கட்டிக் கொடுக்கிறது. 2006-ல் அவர்களுடைய நிக்கல் மைன்ஸ் பள்ளிக்கூடத்தில் ஐந்து சிறுமிகளைச் சுட்டுக் கொன்றவனின் குடும்பத்துக்கு அன்றைக்கே போய் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். படித்துக் காட்டினேன், அம்மா அழுதுவிட்டாள். “நல்ல இடத்தில்தான் இருக்கிறான்” என்றாள்.

விமானத்தில் ஏறுவது பெரும்பாலும் அவர்கள் வழக்கத்தில் இல்லை என்று போட்டிருந்த இடத்தை மட்டும் அவளுக்குப் படிக்கவில்லை. வீட்டுக்கு வெளியே சின்னக் கொட்டகையில் போன் இருக்கும், அதிலிருந்து பேசுவான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

எனக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. மாசியில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். அக்கா வருவதாகச் சொல்கிறாள், ஆனால் அது அவள் பிள்ளைகளுக்குப் பரீட்சை சமயம். ஞானஸ்நானத்தை அதற்கு அப்புறம் வைத்துக்கொண்டால் என்ன? இப்போதே போட்டால் டிக்கெட் விலை குறைவு என்கிறான் பக்கத்து வீட்டுப் பையன்.

அப்பா