கருமாதி முடிந்து வருகிற அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் பெயரை எழுதவில்லை, எழுதினால் திட்டுவீர்கள். மூணாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும்.

எழவு வீடு என்றால் எங்கள் ஊரில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மாலை வரும், யூனியன் ஆட்கள் வருவார்கள், கேனில் காபி வரும். கருமாதி முடிந்ததும் சொந்தங்களெல்லாம் தேனிக்கும் கோவில்பட்டிக்கும் பஸ் ஏறிவிடும். நீங்கள் அதற்கப்புறம்தான் அந்தத் துணிப்பையோடு வருவீர்கள். "டெத் சர்டிபிகேட் எத்தனை காப்பி வாங்கினீங்க?" இதுதான் முதல் கேள்வி. ஆறுதலாக நாலு வார்த்தை பேசக்கூடாதா என்று முணுமுணுக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்விதான் பிடிக்கும். கூட அழ யாராவது இருப்பார்கள், தேவிகுளம் தாலுக்கா ஆபீஸுக்குக் கூட வர யார் இருக்கிறார்கள்?

எஸ்டேட்டில் வேலை இருந்தால்தான் வீடு. கொழுந்து எடுத்தவர் போய்விட்டார், வீட்டில் வேறு யாருக்கும் அங்கே வேலை இல்லை என்றால், லயத்தைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம் அன்றைக்கே பிடித்துக்கொள்ளும். அந்தப் பயத்தில் நீட்டின தாளிலெல்லாம் கையெழுத்துப் போடுவார்கள். ஐந்து வருஷ சர்வீஸ் ஆகவில்லை, கிராஜுவிட்டி கிடையாது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வருவார்கள். வேலையில் இருக்கும்போது இறந்தவருக்கு அந்த 5 வருஷக் கணக்கே பொருந்தாது என்று 1972-ஆம் வருஷச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. பி.எஃப். இருந்தால் அதோடு இன்சூரன்ஸ் தொகை உண்டு, குடும்ப பென்ஷன் உண்டு. பல வீடுகளில் இதையெல்லாம் முதலில் சொன்னது நீங்கள்தான்.

பெட்டிமுடிக்குப் பிறகுதானே இதில் இறங்கினீர்கள்? 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்து 70 பேர் போனார்கள். அதில் 4 பேரின் உடல் கிடைக்கவே இல்லை. உடல் இல்லாத வீட்டுக்குச் சட்டத்தின் வழக்கமான வழி ஏழு வருஷம் காத்திருப்பதுதான். அரசு தனியாக உத்தரவு போட்டால்தான் முன்னதாகச் சான்றிதழ் கிடைக்கும். மறுநாள் கோழிக்கோட்டில் விமான விபத்து. அங்கே இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடிக்கு 5 லட்சம். என்ன விளக்கம் சொன்னாலும் எங்களுக்கு அது இன்னும் உறுத்துகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நடத்துகிற இந்த வேலை முழுக்க உங்கள் மண்டைக்குள் இருக்கிறது. உங்களுக்கு முழங்கால் வலி வந்த மாதம் இரண்டு வீட்டு வாரிசு மனுக்கள் அப்படியே கிடந்தன. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், எந்த ஆபீஸில் எந்தத் தாள், யாரிடம் எதைக் கேட்க வேண்டும், எங்கே கையெழுத்துப் போடக்கூடாது, எல்லாம் தமிழில் ஒரு நோட்டில் இருக்க வேண்டாமா? 1969-ஆம் வருஷக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி நம் பகுதி அரசு ஆபீஸ்களில் தமிழிலேயே மனு கொடுக்கலாம், பதிலும் தமிழில் கேட்கலாம். இதையும் எழுத வேண்டும், ஏனென்றால் மலையாள ஃபாரத்தைப் பார்த்ததுமே பாதிப்பேர் திரும்பிவிடுகிறார்கள்.

நேரமில்லை என்பீர்கள். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன். மேல் லயத்தில் காலேஜ் போகிற பிள்ளைகள் இரண்டு பேர் கூட வரத் தயார், அடுத்த வீட்டுக்கு அவர்களையும் கூட்டிப் போங்கள். சரி, ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? சர்ச்சில் மாஸ் முடிந்ததும் என்றால் பதினொரு மணிக்கு வருகிறேன்.

அன்புடன்,
கீழ் லயத்துத் தம்பி