ராபின்சன் நூல் பிடிஎஃப்: ஞாயிறு இரவு 8 மணிக்குள் அழிக்கவும்

அனைவருக்கும் வணக்கம். ரோமக் கவசங்கள் பற்றிய ரசல் ராபின்சனின் 1975 நூல் முழுசாகக் கவசம் செய்யும் நம் குழுவில் பகிரப்பட்டிருக்கிறது. அவர் இறந்தது 1978-இல். பிரிட்டன் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள், அதாவது 2048 முடியும்வரை, பதிப்புரிமை உண்டு. இத்துறை நூல்கள் குறைவாகவே அச்சாகின்றன. விற்காவிட்டால் மறுபதிப்பு வராது.

1. இறக்கியவர்கள் கோப்பை அழியுங்கள். வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தால் அங்கும் நீக்குங்கள்.

2. ஸ்காட்லாந்தின் நியூஸ்டெட் ரோமக் கோட்டை பற்றிய ஜேம்ஸ் கர்லின் 1911 அகழாய்வு அறிக்கையைத் தாராளமாகப் பகிரலாம். அவர் மறைந்தது 1944-இல், அதனால் பதிப்புரிமை முடிந்துவிட்டது.

3. அளவுகளுக்குப் பதிப்புரிமை இல்லை, வரைபடத்துக்கு உண்டு. இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில் கிடைத்த ரோமக் கவசத்தின் தோள்தகட்டுக் கீலின் நீளம், ஆணித்துளை இடைவெளி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு நீங்களே வரையுங்கள். டிரேஸ் எடுத்தால் அது நகல்தான்.

4. சொந்த வரைபடத்தை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அளவுகோல் கோடு மங்கிவிடும். ஒவ்வொரு தாளிலும் 50 மி.மீ. கோடு போடுங்கள். பிரின்ட் 100%-இல் எடுத்து, அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்துச் சரிபார்த்த பிறகே தகட்டை வெட்டுங்கள். 'பக்கத்துக்குப் பொருத்து' என்று விட்டால் தாளுக்குத் தாள் சுருக்கம் மாறி, கீலின் இரு பாதிகளும் சேராது.

5. முடித்ததும் "அழித்தாயிற்று" என்று பதில் போடுங்கள். நூலை விலைக்கு வாங்கி வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள், சந்தேகம் வந்தால் பக்க எண் கேட்க உதவும்.